மக்காச்சோளம் புதிதாகப் போடுகிறவர்களுக்கு: முதலில் தண்ணீர்க் கணக்கு, அப்புறம் யூரியா

மக்காச்சோளம் முதல் தடவை போடப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "ஏக்கருக்கு எத்தனை மூட்டை யூரியா?" என்பதுதான். பதிலுக்கு, "உங்கள் போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) மணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வருகிறது?" என்று கேட்டால், இவன் என்ன சம்பந்தமில்லாமல் பேசுகிறான் என்பது போலப் பார்ப்பார்கள். சம்பந்தம் இருக்கிறது. இந்தப் பயிரில் தண்ணீரையும், யூரியா தருகிற தழைச்சத்தையும் (நைட்ரஜன்) தனித்தனியாக முடிவு செய்யவே முடியாது. ஈரம் போதாத மண்ணில் போட்ட யூரியா செடிக்குள் போகாது, தண்ணீர் மிஞ்சிய மண்ணில் போட்டது வேருக்குக் கீழே இறங்கிப் போய்விடும். இரண்டு வகையிலும் நஷ்டம் உங்களுக்குத்தான். அதனால் இந்தக் கட்டுரையில் தண்ணீரில் ஆரம்பித்து, அதற்குத் தகுந்த மாதிரி உரத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டு நிலைமையில், வீரிய ஒட்டு ரகம், ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொண்டு எல்லாக் கணக்கையும் சொல்கிறேன்.

முதலில் போரை அளந்து பாருங்கள்

இதற்கு மீட்டர் எதுவும் வேண்டாம். 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாய் வாயில் வைத்து, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைப்பேசியில் பாருங்கள். மோட்டார் போட்டவுடன் பார்க்காதீர்கள், ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பாருங்கள், அப்போதுதான் நிஜம் தெரியும். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 12,000 லிட்டர். நான்கு நிமிடம் ஆனால் 3,000 லிட்டர்தான்.

இனி பயிரின் பக்கம். 95 முதல் 110 நாள் வரை நிற்கிற மக்காச்சோளத்துக்கு மொத்தமாக 500 முதல் 600 மில்லிமீட்டர் தண்ணீர் தேவை. மில்லிமீட்டர் என்றால் மழை அளப்பது மாதிரி, வயல் முழுக்க அத்தனை உயரத்துக்குத் தண்ணீர் நிற்பதாகக் கணக்கு. ஒரு ஏக்கரில் 25 மி.மீ. என்பது ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர். இந்த ஒரு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் வாய்க்கணக்காகவே போட்டுவிடலாம். 500 மி.மீ. என்றால் 20 லட்சம் லிட்டர், அதுவும் வேருக்குப் போய்ச் சேர வேண்டிய அளவு. வாய்க்காலில் ஊறுவது, பயிர் வரிசைகளுக்கு நடுவே தண்ணீர் ஓடும் பள்ளமான சாலின் தலைப்பில் ஆழமாக இறங்கிப் போவது, கடைசியில் வழிவது என்று பாய்ச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுலபமாக வீணாகும் என்பதால் இறைக்க வேண்டியது 30 லட்சத்தைத் தொடும். இடையில் மழை பெய்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

சால் வழியாக ஒரு தண்ணீர் கட்டுவது என்றால் சராசரியாக 50 மி.மீ., அதாவது 2 லட்சம் லிட்டர். மணிக்கு 12,000 லிட்டர் தருகிற போருக்கு இது 17 மணி நேர வேலை. மும்முனை மின்சாரம் விட்டு விட்டு வருகிற ஊரில் அது இரண்டு நாள். 3,000 லிட்டர் போரை வைத்துக்கொண்டு ஒரு ஏக்கருக்குச் சால் பாசனம் செய்வது நடக்காத காரியம். ஒரு முனையில் கட்டி முடிப்பதற்குள் மறுமுனை காய்ந்துவிடும். அந்தப் போருக்குச் சொட்டுநீர் போடலாம், அல்லது பரப்பைக் கால் ஏக்கராகக் குறைக்கலாம். ஒன்றரை ஏக்கரில் அரைத் தண்ணீர் பாய்ச்சி வளர்ப்பதைவிட முக்கால் ஏக்கரில் முழுத் தண்ணீர் பாய்ச்சி வளர்ப்பது எப்போதும் லாபம் என்பது என் கருத்து. மக்காச்சோளம் கம்பு மாதிரி பட்டினி தாங்குகிற பயிர் இல்லை.

பட்டமும் மண்ணும்

இறவையில் (தண்ணீர் பாய்ச்சிச் செய்கிற விவசாயத்தில்) ஆடிப்பட்டம், தைப்பட்டம் இரண்டும் பழக்கத்தில் உள்ளவை. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கரிசலில் புரட்டாசியில் மழையை நம்பி மானாவாரியாக விதைப்பார்கள், அதைக் கடைசியில் பார்க்கலாம். தைப்பட்டத்தில் ஒரு எச்சரிக்கை: பொங்கல் முடிந்து மெதுவாக விதைத்துக்கொள்ளலாம் என்று மாசிக்குத் தள்ளினால் பூக்கிற நேரம் சரியாகப் பங்குனி, சித்திரை வெயிலில் மாட்டும். சூட்டில் மகரந்தம் செத்துப்போகும், போர் தண்ணீரும் அப்போதுதான் குறையும். தை பிறந்ததும் விதைத்துவிடுங்கள். போரை அளக்கும்போதும் மார்கழி அளவை நம்பாமல், பங்குனியில் அது வழக்கமாக எவ்வளவு குறையும் என்று பக்கத்துத் தோட்டத்து ஆட்களிடம் கேட்டு அந்த அளவுக்கே திட்டம் போடுங்கள்.

மண்ணைப் பொறுத்தவரை செவல் மண் தண்ணீரைச் சீக்கிரம் விட்டுவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பாய்ச்ச வேண்டும். கரிசல் பிடித்து வைத்துக்கொள்ளும், இடைவெளி விடலாம், ஆனால் அதிகம் பாய்ச்சினால் வடியாமல் நின்று வேரை மூச்சுத் திணறடிக்கும். இதே வித்தியாசம் யூரியாவுக்கும் பொருந்தும். செவலில் தழைச்சத்து கீழே இறங்கிப் போய் வீணாகிறது. கரிசலில் தண்ணீர் நின்றால், காற்றில்லாத மண்ணில் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை (யூரியா மண்ணில் கடைசியாக மாறும் வடிவம்) உடைத்து வாயுவாக்கி மேலே விட்டுவிடுகின்றன. செவல் மண்ணுக்காரர் யூரியாவை அதிகத் தவணைகளாகப் பிரிக்க வேண்டும், கரிசல்காரர் வடிகாலைக் கவனிக்க வேண்டும்.

மண் பரிசோதனை செய்துவிடுங்கள், செலவு பெரிதாக ஒன்றும் இல்லை. அட்டையில் கிடைக்கக்கூடிய தழைச்சத்து ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே என்று இருந்தால் குறைவு என்று அர்த்தம். நம் ஊர் நிலங்கள் பலவும் அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். உப்புத் தண்ணீர் போர் என்றால் தண்ணீரையும் சேர்த்துச் சோதியுங்கள்.

பார் பிடித்து விதைப்பது

பாத்தி கட்டி சமதரையில் விதைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முளைத்து மூன்று வாரம் வரை மக்காச்சோளத்தின் குருத்து மண்ணுக்குள்ளேயேதான் இருக்கிறது. வெளியே இலை தெரிந்தாலும் வளர்கிற முனை கீழே. அந்தச் சமயத்தில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் செடி வெளுத்து, அப்படியே குன்றிவிடும். அப்புறம் என்ன யூரியா போட்டாலும் பழைய வேகம் வராது.

ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் போட்டு உழுது, 60 செ.மீ. இடைவெளியில் பார் (நீளமான மண் மேடு) பிடித்து, பாரின் சரிவில் 25 செ.மீ.க்கு ஒரு விதை, 4 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். ஏக்கருக்கு 8 கிலோ விதை போதும், சுமார் 27,000 செடி வரும். செடி எண்ணிக்கை இதில் முக்கியம். நெல் மாதிரி மக்காச்சோளம் தூர் கட்டிப் பெருகாது, விழுந்த இடம் விழுந்ததுதான். 18,000 செடி நிற்கிற வயலுக்கு 27,000 செடிக்கான யூரியா போடுவது வெட்டிச் செலவு. முளைத்த ஒரு வாரத்துக்குள் இடம் விட்டுப்போன குழிகளில் மறுபடி ஊன்றுங்கள்.

ஒவ்வொரு சாலையும் (தண்ணீர் ஓடும் பள்ளத்தை) மிக நீளமாக விடாதீர்கள், குறிப்பாகச் செவலில். நீளமான சாலில் தண்ணீர் கடைசி வரை போய்ச் சேர்வதற்குள் தலைப்பில் உள்ள செடிகளுக்கு இரண்டு மடங்கு பாய்ந்திருக்கும். தலைப்பு வெளுத்தும் நடுப்பகுதி கரும்பச்சையாகவும் கடைசி சுருண்டும் நிற்கிற வயல்களைப் பார்த்திருப்பீர்கள். உரம் எல்லா இடத்திலும் ஒரே அளவுதான் போட்டிருப்பார்கள், தண்ணீர் அதை இடம் மாற்றியிருக்கிறது.

களைக்கு, விதைத்த மூன்றாம் நாள் ஈரம் இருக்கும்போது 50 சதவீத அட்ரசின் தூள் ஏக்கருக்கு 200 கிராம் தெளிக்கலாம். உளுந்து, தட்டைப்பயறு என்று ஊடுபயிர் போட்டிருந்தால் அட்ரசின் கூடாது, பயறு கருகிவிடும்.

யூரியா கணக்கு

இறவை வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை, ஹெக்டேருக்குத் தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகள் 250:75:75 கிலோ. ஏக்கருக்கு மாற்றினால் 100:30:30. மண் பரிசோதனை அட்டை வேறு ஏதாவது சொன்னால் அதைப் பின்பற்றுங்கள்.

இந்த 100 கிலோ எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால் நீங்களே கூட்டிக் குறைக்கலாம். ஒரு டன் தானியம் விளைய, தட்டையையும் (தண்டு, இலை) சேர்த்து, செடி சுமாராக 20 முதல் 25 கிலோ தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுக்கிறது. ஏக்கருக்கு 30 குவிண்டால், அதாவது 3 டன், எடுக்க வேண்டுமானால் 60 முதல் 75 கிலோ செடிக்குள் போக வேண்டும். நாம் போடுவதில் கணிசமான பங்கு செடிக்குப் போகாமல் காற்றிலும் தண்ணீரிலும் போய்விடுகிறது, அந்த இழப்பையும் சேர்த்துத்தான் 100. இப்போது யோசித்துப் பாருங்கள்: உங்கள் தண்ணீருக்கு 15 குவிண்டால்தான் விளையும் என்றால், 30 குவிண்டாலுக்கான யூரியா எதற்கு?

கடைக் கணக்காக இது எப்படி வரும்? 30 கிலோ மணிச்சத்துக்கு டிஏபி 65 கிலோ வேண்டும். அதிலேயே கிட்டத்தட்ட 12 கிலோ தழைச்சத்து வந்துவிடுகிறது. மீதி 88 கிலோவுக்கு யூரியா 190 கிலோ. யூரியா மூட்டை இப்போது 50 கிலோ இல்லை, 45 கிலோ, அதனால் நாலேகால் மூட்டை. சாம்பல் சத்துக்குப் பொட்டாஷ் ஒரு மூட்டை. இத்துடன் துத்தநாகம் குறைவான மண்ணில் சிங்க் சல்பேட் 15 கிலோ, மணலோடு கலந்து தனியாகத் தூவ வேண்டும். டிஏபியோடு சேர்த்துக் கலந்தால் இரண்டும் கட்டிப் பிடித்து ஒன்றுக்கும் உதவாமல் போகும்.

பிரித்துப் போடுவது இப்படி: அடியுரத்தில் கால் பங்கு, 25ஆம் நாள் பாதி, 45ஆம் நாள் மீதிக் கால் பங்கு. அடியுரமாக 65 கிலோ டிஏபி, ஒரு மூட்டை பொட்டாஷ், யூரியா 29 கிலோ. 25ஆம் நாள் யூரியா 109 கிலோ. 45ஆம் நாள் 54 கிலோ. ஒன்றிரண்டு கிலோ முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை, தராசோடு நிற்க வேண்டாம்.

ஏன் 25ஆம் நாள் அவ்வளவு? முதல் மூன்று நான்கு வாரத்தில் செடி எடுத்துக்கொள்ளும் தழைச்சத்து மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். முழங்கால் உயரம் வந்த பிறகுதான் அது உறிஞ்ச ஆரம்பிக்கிறது, பூக்கும் வரை அந்த வேகம் நிற்பதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. கதிரில் எத்தனை வரிசை மணி இருக்கும் என்பது, கதிர் கண்ணுக்கே தெரியாத அந்த முழங்கால் உயரக் காலத்தில் முடிவாகிவிடுகிறது. அப்போது பசியோடு இருந்த செடிக்குப் பின்னால் விருந்து வைத்தாலும் வரிசை கூடாது. அதனால் முழு யூரியாவையும் அடியுரத்தில் கொட்டுவதும் தப்பு, "செடி கொஞ்சம் வளரட்டும்" என்று 40 நாள் வரை கை கட்டிக்கொண்டு இருப்பதும் தப்பு.

திரவ நானோ யூரியா பற்றிக் கண்டிப்பாகக் கேட்பீர்கள். முதலில் வந்த, 4 சதவீதத் தழைச்சத்து உள்ள அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 20 கிராம். ஒரு மூட்டை யூரியாவில் இருப்பது 20 கிலோவுக்கும் மேல். அந்தப் பாட்டிலை நம்பி 25ஆம் நாள் மூட்டையைக் குறைக்க நான் தயாராக இல்லை. வேண்டுமானால் கூடுதலாக அடித்துக்கொள்ளுங்கள்.

எந்த நாளில் தண்ணீர், எந்த நாளில் உரம்

விதைத்த அன்று ஒரு தண்ணீர், நாலாம் நாள் உயிர்த்தண்ணீர், 12ஆம் நாள் வாக்கில் அடுத்தது. மூன்றும் மிதமாக. இந்தக் கட்டத்தில் செடியைக் கொஞ்சம் காய விடலாம், வேர் கீழே தேடிப் போகும். அதற்கப்புறம் 25, 36 நாள்களிலும், பூப்பருவத்தில் வாரம் ஒரு முறையும், பால் பிடித்துக் கெட்டியாகும் வரை எட்டு பத்து நாளுக்கு ஒரு முறையும் பாய்ச்சுவது ஒரு பொது அட்டவணை. செவலில் இதைவிட நெருக்கமாகவும் கரிசலில் கொஞ்சம் தள்ளியும் வரும். நாள்காட்டியைவிட மண்ணை நம்புங்கள். ஒரு சாண் ஆழத்தில் மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நின்றால் இன்னும் ஈரம் இருக்கிறது, பிடித்ததும் உதிர்ந்தால் இன்றே தண்ணீர்.

25ஆம் நாள் வேலைகளின் வரிசைதான் முழு விளைச்சலையும் முடிவு செய்கிறது என்று நினைக்கிறேன், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் களை வெட்டி முடியுங்கள், இல்லையென்றால் யூரியா களைக்குத்தான் போகும். மண் கால் ஒட்டாத பதத்தில் இருக்கும்போது, செடியின் அடியிலிருந்து நாலு விரல் தள்ளி யூரியாவை வரிசையாக வைத்து, உடனே மண் அணைத்து மூடுங்கள். அதற்குப் பிறகு லேசாக ஒரு தண்ணீர். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறவர்கள் நிறைய. முதலில் தண்ணீரைக் கட்டிவிட்டு, ஈரத்தின் மேல் நடு வெயிலில் யூரியாவை வீசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஈர மண்ணின் மேலே கிடக்கிற யூரியா கரைந்து அம்மோனியாவாக மாறி வெயிலில் ஆவியாகிப் போகும், அதிலும் களர் தன்மை உள்ள மண்ணில் இன்னும் வேகமாக. வேப்பம் பிண்ணாக்குத் தூளோடு கலந்து வைத்தாலும், கடையில் வருகிற வேம்பு பூசிய யூரியாவாக இருந்தாலும், அவை மண்ணுக்குள் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துமே தவிர மேலே கிடப்பதைக் காப்பாற்றாது. மூடுவதற்கு மாற்று இல்லை.

"லேசாக" என்று ஏன் சொன்னேன் என்றால், யூரியா போட்ட கையோடு சால் நிரம்பி வழிய வழியத் தண்ணீர் கட்டினால், இன்னும் உருமாறாத யூரியா தண்ணீரோடு சேர்ந்து அப்படியே கீழே இறங்கிவிடும். அது அம்மோனியம் ஆன பிறகுதான் களிமண் துகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதற்கு இரண்டு மூன்று நாளாவது ஆகும். அதேபோல, மழை திரண்டு நிற்கும்போது யூரியா வைக்காதீர்கள். தூறலாக இருந்தால் நல்லது, கொட்டப் போகிற மழை என்றால் ஒரு நாள் பொறுங்கள்.

தண்ணீர் பற்றாக்குறை உள்ளவர்கள் ஒரு சால் விட்டு ஒரு சால் பாய்ச்சலாம். இந்தத் தடவை பாய்ந்த சாலை அடுத்த தடவை விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு செடிக்கும் ஒரு பக்க வேராவது நனைந்துகொண்டே இருக்கும், தண்ணீர் கணிசமாக மிச்சமாகும், தழைச்சத்து ஆழத்துக்கு இறங்குவதும் குறையும். ஆனால் இந்தச் சிக்கனத்தை 40 நாளுக்குள்ளும், மணி முற்றத் தொடங்கிய பிறகும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பூக்கும் நேரம்

உச்சியில் ஆண் பூ வருவதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்து பட்டு நூல் (கதிர் நுனியில் தொங்கும் மெல்லிய இழை) காய்ந்து கருகும் வரை, ஏறத்தாழ 45 முதல் 65 நாள், இந்தப் பயிரின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு பயிர் வாரியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது: தேவையான தண்ணீரில் 10 சதவீதம் குறைந்தால் மகசூல் எவ்வளவு குறையும் என்று. மக்காச்சோளத்துக்கு வளர்ச்சிப் பருவத்தில் அது 4 சதவீதம், பூப்பருவத்தில் 15 சதவீதம், மணி பிடிக்கும்போது 5, முற்றும்போது 2. பஞ்சகாலத்தில் எந்தத் தண்ணீரை விடலாம், எதை விடக்கூடாது என்பதற்கு இந்த நாலு எண் போதும்.

காரணம் எளிது. கதிரில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு பட்டு நூல். ஆண் பூ தன் நேரத்துக்கு மகரந்தத்தைக் கொட்டிவிட்டுப் போய்விடும், தண்ணீர்க் குறைவில் பட்டு நூல் மட்டும் தாமதமாக வெளியே வரும். வந்து பார்த்தால் மகரந்தம் இல்லை. விளைவு, முனை வரை மணி பிடிக்காத கதிரும் இடையிடையே பல் விழுந்த கதிரும். தழைச்சத்துப் பட்டினியும் இதே வேலையைச் செய்யும், அதனால்தான் 45ஆம் நாள் தவணை.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. தண்ணீர் பற்றாத வயலில் 25ஆம் நாள் நிறைய யூரியா வைத்தவர் செடிதான் முதலில் வாடும். இலை பெரிதாகி, நாளுக்கு அதிகத் தண்ணீரைக் குடித்து, மண்ணில் இருந்த ஈரத்தைப் பூக்கும் முன்பே காலி செய்திருக்கும். சாலையில் இருந்து பார்க்க அழகான பயிராக இருக்கும், கதிர் பிரித்தால்தான் தெரியும். ஆகவே 45ஆம் நாள் தவணைக்கு முன்னால் போர் நிலவரத்தைப் பாருங்கள். அடுத்த மூன்று தண்ணீர் உறுதி என்றால் 54 கிலோவையும் போடுங்கள். ஒரு தண்ணீருக்கே சந்தேகம் என்றால் அந்த மூட்டை அடுத்த போகத்துக்கு இருக்கட்டும்.

சொட்டுநீர் போட்டிருந்தால்

முடிந்தால் போட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் தமிழ்நாட்டில் இருக்கிறது. சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்றிதழ் எல்லாம் எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை அலுவலகத்துக்குப் போங்கள். அலைச்சல் இருக்கும், விதைப்புக்கு ஒரு மாதம் முன்னாலேயே ஆரம்பியுங்கள்.

இரட்டை வரிசைக்கு நடுவில் ஒரு குழாய், குழாய்க்குக் குழாய் 1.2 மீட்டர், 40 செ.மீ.க்கு ஒரு சொட்டுவான், மணிக்கு 2 லிட்டர் என்று அமைத்தால் மணிக்கு 4 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் விழும். முழுசாக வளர்ந்த பயிர் தைப்பட்ட வெயிலில் நாளுக்கு 6 மி.மீ. வரை குடிக்கும், அதாவது ஏக்கருக்கு 24,000 லிட்டர், ஒன்றரை மணி நேர ஓட்டம். 3,000 லிட்டர் போர் இருக்கிறவர் பகுதி பகுதியாகப் பிரித்து 8 மணி நேரம் ஓட்டினால் ஒரு ஏக்கரைக் காப்பாற்றிவிடலாம், சால் பாசனத்தில் முடியாது என்று மேலே சொன்ன அதே போரில். சின்னச் செடிக்கு இதில் மூன்றில் ஒரு பங்கு போதும். சொட்டுநீர் தானே என்று மணிக்கணக்காகத் திறந்து விடுவது பெரிய வியாதி, கீழே தழைச்சத்தைக் கழுவித் தள்ளுவதற்குச் சொட்டுநீராலும் முடியும்.

உரம் இதில் வாரா வாரம் போகிறது. இழப்பு குறைவு என்பதால் யூரியாவைக் கால் பங்கு குறைத்தே ஆரம்பியுங்கள், சுமார் 144 கிலோ. டிஏபியும் பொட்டாஷும் வழக்கம் போல அடியுரமாக மண்ணில். யூரியா, இரண்டாம் மூன்றாம் வாரங்களில் 10 கிலோ வீதம், நான்கு முதல் ஏழாம் வாரம் வரை 25 கிலோ வீதம், எட்டு ஒன்பதாம் வாரங்களில் 12 கிலோ வீதம். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். யூரியா கரையும்போது தண்ணீர் சில்லென்று ஆகி, கரைவது மெதுவாகும், அதனால் முதல் நாள் இரவே தொட்டியில் போட்டுக் கலக்கிவிட்டு வாருங்கள். ஓட்டும்போது முதலில் வெறும் தண்ணீர், நடுவில் உரம், கடைசி 15, 20 நிமிடம் மறுபடி வெறும் தண்ணீர். உரம் விட்ட பிறகு ரொம்ப நேரம் தண்ணீர் ஓடினால் வைத்ததைக் கழுவிவிடும், ஓட்டாமலே விட்டால் குழாய்க்குள் உரம் தங்கிப் பாசி பிடிக்கும். டிஏபியைத் தொட்டியில் கரைத்து விடலாமா என்று கேட்காதீர்கள். கடினத்தன்மை உள்ள போர் தண்ணீரில் அது சுண்ணாம்போடு சேர்ந்து படிந்து சொட்டுவானை அடைத்துவிடும்.

தெளிப்பு நீரும் மழைத்தூவானும் முதல் ஒரு மாதத்துக்கு அருமை. செடி இடுப்புக்கு மேல் வந்ததும் இலை தண்ணீரை மறித்து ஒரு பக்கம் சேறு, ஒரு பக்கம் புழுதி என்று ஆகும். பூப்பருவத்தில் காலையில் தெளித்தால் மகரந்தமும் நனைந்து கெடும்.

செடியைப் பார்த்துத் தெரிந்துகொள்வது

தழைச்சத்துக் குறைவு முதலில் அடி இலையில் தெரியும். நுனியில் ஆரம்பித்து நடு நரம்பு வழியே உள்ளே ஆப்பு வடிவத்தில் மஞ்சள் இறங்கும். ஓரம் மட்டும் கருகினால் அது சாம்பல் சத்து. மேலே புது இலையில் நரம்புக்கு இரு பக்கமும் வெள்ளைப் பட்டை என்றால் துத்தநாகம். இலை மதியம் சுருண்டு மாலையில் விரிந்தால் கவலை இல்லை, மாலையிலும் காலையிலும் சுருண்டே இருந்தால் தண்ணீர் தாமதமாகிவிட்டது. செடி மொத்தமும் வெளிறி, மண் சொதசொதவென்று இருந்தால் யூரியாவைத் தொடாதீர்கள். முதலில் தண்ணீரை வடியுங்கள், வேர் மூச்சு விட்டு மூன்று நாள் கழித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். யூரியா அதிகமாகிக் கரும்பச்சையாகக் கொழுத்த பயிரும் ஆரோக்கியத்துக்கு அடையாளம் இல்லை, காற்றில் சாய்வதற்கு அதுதான் முதல் ஆள். 2018இல் வந்து சேர்ந்த படைப்புழுவுக்குக் குருத்தைத் தினமும் பிரித்துப் பார்ப்பது தனி வேலை, அதை இங்கே ஆரம்பித்தால் முடியாது.

மானாவாரி என்றால்

செவல் மண்ணுக்குப் பரிந்துரை ஹெக்டேருக்கு 60:30:30 மட்டும், கரிசலுக்கு அதைவிடக் குறைவு. செவலில் ஏக்கருக்கு டிஏபி 26 கிலோ, பொட்டாஷ் 20 கிலோ, யூரியா ஒரு மூட்டைக்குள். யூரியாவில் பாதியை அடியில் வையுங்கள், மீதியை 25 நாளுக்கு மேல் நல்ல மழை ஒன்று பெய்து மண் நனைந்த மறுநாள் வையுங்கள். மழை வரவில்லை என்றால் வைக்கவே வேண்டாம். பக்கத்து இறவைக்காரர் நாலு மூட்டை போட்டதைப் பார்த்துக் கை அரிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

அறுப்பு சமயத்தில்

மணியைப் பிய்த்து அடிப்பகுதியைப் பாருங்கள். கறுப்பாக ஒரு புள்ளி வந்திருந்தால் முற்றிவிட்டது, இனிப் பாய்ச்சும் தண்ணீர் மணிக்குப் போகாது. தோகை காய்ந்த பிறகு கதிர் ஒடித்து, ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு வரும் வரை காய வைத்தால்தான் நாமக்கல் தீவன ஆலைக்காரர்கள் விலையைக் குறைக்காமல் எடுப்பார்கள்.

தட்டையை மாட்டுக்குப் போடுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. நிறைய யூரியா வைத்து, தண்ணீர் இல்லாமல் வாடிய வயலின் பச்சைத் தட்டையை அப்படியே அறுத்துப் போடாதீர்கள். செடி எடுத்த நைட்ரேட் பயன்படாமல் தண்டின் அடியில் தேங்கியிருக்கும், மாட்டுக்கு அது விஷம், சில மணி நேரத்தில் மாட்டையே சாய்த்துவிடும். மழை பெய்தவுடன் அறுப்பது இன்னும் ஆபத்து, ஒரு வாரமாவது விட்டு, அடியில் ஒரு முழம் வயலிலேயே விட்டு அறுத்து, காய்ந்த வைக்கோலோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மாடு மூச்சு வாங்கி, வாய் உள்பக்கம் நீலம் பூத்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.